மாப்பிள்ளைக்குப் பறவை காட்டப் போனோம்

பக்கத்து வீட்டு பவுலின் கல்யாணமாகி மைசூருக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் அவள் ஆம்பூருக்கு வந்ததெல்லாம் இரண்டு ராத்திரிக் கணக்குதான். கிறிஸ்துமஸுக்கு வந்தாள், இரண்டு ராத்திரி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்று வந்தாள், அப்போதும் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலை இட்லி ஆறுவதற்குள் கார் கிளம்பிவிடும். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்று அம்மாவிடம் சொல்வாள். அம்மாவும் நம்பினாள்.

நான் நம்பவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு செங்கல் சுவர். அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் கேட்கக்கூடாது என்றால் நான்தான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை.

நிஜக் காரணம் நாற்றம். எங்கள் ஊர் நாற்றம். எங்களுக்கு அது தெரியாது; பிறந்ததிலிருந்து தோல் பதனிடுகிற டேனரிக் காற்றைத்தான் மூச்சாக விடுகிறோம். ஆனால் பவுலின் சென்னை ஹாஸ்டலில் சேர்ந்த அன்று பெட்டியைத் திறந்ததும், பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாளாம். ஒரு வார்த்தை சொல்லவில்லை, திறந்துவிட்டு வந்து படுத்துக்கொண்டாளாம். அன்றையிலிருந்து இவளுக்கு அது ஒரு பயம். இரண்டு ராத்திரிக்கு மேல் தங்கினால் துணியில் ஏறிவிடும், புருஷன் மூக்குக்குப் போய்விடும் என்று ஒரு கணக்கு. போனில் யாரோ தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் என் தப்பு.

இந்த முறை வந்தது குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள். செவ்வாய்க்கிழமை கிளம்புவதாகத் திட்டம்; இந்த முறை பெரிய மனசு பண்ணி ஒரு ராத்திரி கூட. தவக்காலம் வேறு. பவுலினின் அம்மா சவுரியம்மாள் தவக்காலத்தில் முட்டை ஓட்டைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள். ஹைவேயிலிருந்து உள்ளே திரும்பிய நிமிஷத்திலிருந்து ஒவ்வொரு கடை வாசலிலும் பிரியாணி அண்டாவைப் பார்த்துக்கொண்டு வந்த மாப்பிள்ளைக்கு, வீட்டில் முருங்கைக்கீரைப் பொரியல். அந்தப் பிள்ளை ஜோசுவா அதையும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நல்ல வளர்ப்பு.

அவனுக்குப் பறவை பார்ப்பதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே பைனாகுலரோடு மொட்டைமாடிக்கு ஏறிவிட்டான். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டு முனவ்வர் பேகம் என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அமிர்தம், சவுரியம்மா மருமவன் காலையிலேர்ந்து எங்க மாடியையே பாத்துனு கீறாரு. துணி காயப்போட முடியல. பேஜாரா கீது. நீ கொஞ்சம் இன்னான்னு கேளேன்."

இப்படி ஒரு வேலை தேடி வரும்போது எப்படி மறுப்பது? போய்க் கேட்டேன். பையன் பதறிவிட்டான். "ஐயோ ஆன்ட்டி, அவங்க வீட்டுக்குப் பின்னாடி அரசமரத்துல குக்குறுவான் இருக்கு, அதத்தான் பாக்கறேன். நீங்களே பாருங்க" என்று பைனாகுலரை என் கையில் கொடுத்தான்.

பார்த்தேன். முதலில் தெரிந்தது பேகத்தின் சமையலறை. அலமாரியில் எந்தக் கம்பெனி டீத்தூள் என்பது வரை படிக்க முடிந்தது. இப்படி ஒரு சாமான் உலகத்தில் இருப்பது தெரியாமல் ஐம்பது வருஷத்தை வீணாக்கியிருக்கிறேன். அப்புறம் குருவியையும் பார்த்தேன். பச்சையாக, நெற்றியில் சிவப்பாக இருந்தது.

அன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் சவுரியம்மாள் குருத்தோலையைக் கையில் வைத்துக்கொண்டே சுவரோரம் வந்தாள். முகம் சரியில்லை.

"நாளன்னிக்குக் கெளம்பறாங்களாம் அமிர்தம்."

"தெரியும்கா."

"அடுத்த ஞாயித்துக்கெழம ஈஸ்டர். இன்னும் அஞ்சாறு நாளு. இருந்துட்டுப் போனா இன்னா? கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு ஈஸ்டருக்கு எங்க பெஞ்சுல மாப்ளே உக்காரல. கோயில்ல அவங்கவங்க புள்ள, மருமவன், பேரன்னு வரிசையா உக்காந்துனு கீறாங்க. நாங்க ரெண்டு பேரும் ரெண்டு மூலைக்கு உக்காந்து எடத்த நெரவிக்கினு கீறோம்."

"பவுலின்கிட்ட கேளேன்."

"கேட்டேன். அவருக்கு லீவு இல்லன்றா. எங்கிட்ட சொல்றப்போ மூஞ்சப் பாக்க மாட்டேங்கறா."

இதை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவர் அவள் வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி அண்ணன். நாற்பது வருஷம் டேனரியில் செலக்‌ஷன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தோலைத் தரம் பிரித்து அடுக்குகிற வேலை. வெளியூர் வியாபாரி பார்க்க வருகிறான் என்றால், முதல் நாளே நல்ல தோல்களைக் கட்டின் மேலே வருகிற மாதிரி அடுக்கி வைத்துவிட வேண்டும். வருகிறவன் மேலே இருப்பதைப் பார்த்து மயங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அண்ணன் இந்தப் பாடத்தை வைத்துக்கொண்டுதான் வாழ்க்கை முழுவதையும் ஓட்டியிருக்கிறார்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தார். ஆலங்காயம் போகிற வழியில் ஒரு ஏரி இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது அங்கே கொக்கு, நாரை நின்று பார்த்திருக்கிறார். திங்கட்கிழமை காலை மாப்பிள்ளையை அங்கே கூட்டிப்போவது. பறவைகளைப் பார்த்து மாப்பிள்ளை மயங்க வேண்டும். மயங்கிவிட்டால் லீவு தானாக வரும்.

இதுவரை சரி. ஆனால் போகிற நேரத்தில் பறவை இல்லாவிட்டால்? அங்கேதான் அண்ணனின் நாற்பது வருஷ அனுபவம் குறுக்கே வந்தது. பறவை எங்கே கூட்டமாகக் கூடும்? டேனரிக்குப் பின்னால், தோலின் உட்புறத்திலிருந்து சுரண்டி எடுக்கிற ஜவ்வைக் குவிக்கிற இடத்தில். பருந்தும் கொக்குமாக அங்கே எப்போதும் திருவிழாதான். ஆகவே முதல் நாளே ஏரியில் கொஞ்சம் ஜவ்வைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் வேன் டிரைவர் சீனிவாசனின் வண்டியில் மூன்று மூட்டை ஏறியதை நான் பார்த்தேன்.

"இன்னாண்ணே மூட்ட?"

"உரம்."

"உரத்துக்கு ஈ இவ்ளோ ஜாஸ்தியா மொய்க்குமா?"

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். "வாயத் தொறந்துடாத அமிர்தம். சவுரிக்குக்கூடத் தெரியாது."

நான் யாரிடமும் சொல்லவில்லை. முனவ்வர் பேகத்திடம் மட்டும் சொன்னேன். காலையில் அவள் பட்ட மனக்கஷ்டத்துக்கு ஏதாவது ஈடு தர வேண்டாமா?

திங்கட்கிழமை விடிகாலையில் கிளம்பினோம். நானும்தான். வேனில் இடம் இருந்தது, நான் முதலிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டேன். மங்கலான நிறத்தில் உடுத்தி வாருங்கள், பளிச்சென்று இருந்தால் பறவை பறந்துவிடும் என்று ஜோசுவா சொல்லியிருந்தான். சவுரியம்மாள் கிளிப்பச்சைப் பட்டில் வந்தாள். "மாப்ளேயோட வெளிய போறப்போ மங்கலாவா கட்டுவாங்க? எழவு ஊட்டுக்கா போறோம்?" என்றாள். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடுமாங்காய், பாக்குமட்டைத் தட்டு எல்லாம் கூடையில். பவுலின் ஏறும்போது அவளுக்கு முன்னால் அவள் சென்ட் ஏறியது.

"ஏங்க, தொப்பி எடுத்தீங்களா?" என்று புருஷனைக் கேட்டாள். அப்பா அம்மா எதிரில் ஏங்க. கதவுக்குப் பின்னால் "டேய் ஜோஷ்". சுவரைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன்.

பங்குனி மாதத்துக் காலை நன்றாகத்தான் இருந்தது. வழியெல்லாம் புங்கமரம் பூத்து உதிர்ந்து, ரோட்டோரத்தில் பொரியைக் கொட்டின மாதிரி கிடந்தது. புளியமரங்களில் புதுத் தளிர். ஜோசுவா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கம்பியில் உட்கார்ந்திருப்பதையெல்லாம் பேர் சொல்லிக்கொண்டே வந்தான். பனங்காடை என்றான், கரிச்சான் என்றான். சவுரியம்மாள் ஒவ்வொன்றுக்கும் "ஆங், ஆங்" என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருந்தது குருவியை இல்லை, மாப்பிள்ளையின் முகத்தை. அந்தச் சிரிப்பு ஈஸ்டர் வரைக்கும் தாங்குமா என்றுதான் அளந்துகொண்டிருந்தாள்.

ஏரிக்கரை தூரத்தில் தெரிந்ததும் வானத்தில் ஒரு கறுப்புச் சுழல் தெரிந்தது.

"பாத்தீங்களா மாப்ளே!" என்று அண்ணன் சீட்டிலிருந்து எழுந்தே விட்டார். "நான் சொன்னேன் இல்ல? எவ்ளோ பறவ!"

ஜோசுவா பைனாகுலரைத் தூக்கினான். "பருந்து" என்றான். "நிறைய பருந்து. அப்புறம்... காக்கா. எல்லாம் காக்கா."

வண்டி நின்றது. கதவைத் திறந்தோம். திறந்த வேகத்தில் மூடலாமா என்று யோசித்தோம். ஒரு ராத்திரிப் புழுக்கத்தில் மூன்று மூட்டை ஜவ்வு என்ன ஆகும் என்பதை அண்ணன் கணக்கில் எடுக்கவில்லை. அரை நூற்றாண்டு ஆம்பூர்க் காற்றில் ஊறிய என் மூக்கே பின்வாங்கியது.

அவர் கணக்கில் எடுக்காத இன்னொன்று நாய். டேனரியில் சுற்றுச்சுவர் உண்டு. ஏரிக்கு ஏது சுவர்? சுற்றுப்பட்டு நாய்கள் எல்லாம் கூடியிருந்தன. கருப்பு, செவலை, குட்டி போட்டது, கால் நொண்டி, எல்லாம். ஒன்றோடொன்று உருண்டு புரண்டு சண்டை. வற்றிக்கொண்டிருந்த ஏரியின் அந்தக் கோடியில் ஏழெட்டு பெரிய நாரைகள் நின்றிருந்தன. மஞ்சள் மூக்கு, இறக்கையின் ஓரத்தில் ரோஸ் நிறம். நாங்கள் இறங்கி இரண்டடி வைப்பதற்குள் நாய்ச் சண்டை தண்ணீருக்குள் போனது. நாரைகள் ஒவ்வொன்றாக எழும்பி, மலைப்பக்கம் போய்விட்டன. ஒரே ஒரு ஆட்காட்டிக் குருவி மட்டும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி எங்களைத் திட்டிக்கொண்டிருந்தது.

ஜோசுவா பைனாகுலரை இறக்கினான். அந்தப் பிள்ளைக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்ததில்லை. வந்தது.

"எவன் இத இங்க கொண்டுவந்து கொட்டினான்? இது தண்ணியில இறங்கினா மீன் என்ன ஆகும்? ஆடு மாடு குடிக்கற தண்ணி. மனுஷனா இவன்?" போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தான். "இன்னிக்கே கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பறேன்."

"அனுப்புங்க மாப்ளே!" என்றாள் சவுரியம்மாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "உடாதீங்க! எந்தக் கட்டையில போறவனோ தெரியல. அவன் கையில கொப்புளம் வர! அவன் பொண்டாட்டி ஒரு நல்ல புத்தி சொல்ல மாட்டாளா? அவளும் அவனமாதிரிதான் இருப்பா!"

நான் இருமினேன். அவள் நிறுத்துவதாக இல்லை. அந்த மனுஷனின் அம்மா, அப்பா, அவனைப் பெற்ற நேரம் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் மூச்சு வாங்கினாள். அண்ணன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டிரைவர் சீனிவாசனால் பொறுக்க முடியவில்லை. ஜோசுவா பக்கத்தில் வந்து, "சார், அனுப்பறதுன்னா அனுப்புங்க. என் வண்டி பேரு மட்டும் வர வேணாம் சார். எனக்குத் தொழிலே இதான்" என்றான்.

"உங்க வண்டி பேர நான் ஏன் சொல்லப்போறேன்?"

சீனிவாசன் அண்ணனைப் பார்த்தான். நான் அண்ணனைப் பார்த்தேன். கடைசியில் பவுலினும் பார்த்தாள்.

"நான்தான் மாப்ளே" என்றார் அண்ணன். "டேனரிக்குப் பின்னால இதுக்குத்தான் அவ்ளோ பறவ வரும். அதான், நேத்து சாயந்தரம் வந்து போட்டேன். நெறைய பாத்தீங்கன்னா உங்களுக்குப் புடிச்சிப்போவும், ஈஸ்டர் வரிக்கும் இருப்பீங்களோன்னு... சவுரிக்கு ஆச."

சவுரியம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து வாய்க்கு இறக்கினாள். தன் வாயாலேயே தன்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜோசுவா பேசுவதற்குள் பவுலின் வெடித்தாள்.

"உனக்கு இன்னா பைத்தியமா நைனா? ரெண்டு வருஷமா இந்த நாத்தம் இவரு மூக்குக்குப் போவக்கூடாதுன்னு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும். ஊட்டுக்கு வந்தா ரெண்டு நாளுக்கு மேல தங்காம ஓடறேன். மைசூர் போனதும் எல்லாத் துணியவும் ரெண்டு தபா தொவைக்கறேன். நீ இன்னாடான்னா மூட்ட கட்டி எடுத்துனு வந்து அவரு எதுர்லயே கொட்டி வெச்சிக்கீற!"

மைசூர்த் தமிழ் போன இடம் தெரியவில்லை. பச்சை ஆம்பூர்.

"நாத்தமா?" என்றாள் சவுரியம்மாள். மெதுவாகத்தான் கேட்டாள். "நம்ம ஊட்லயா? லீவு இல்லன்னியேடி."

"எனக்கு அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் லீவு இருக்கே அத்தை" என்றான் ஜோசுவா. சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று மனைவியைப் பார்த்தான்.

எத்தனையோ வீட்டுச் சண்டையை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சாதாரணமாக அந்த இடத்தைவிட்டு நகர மனசு வராது. அன்றைக்கு மட்டும் கொஞ்ச தூரம் போய் நிற்கலாமா என்று தோன்றியது. சவுரியம்மாள் அழவில்லை. தன் புடவைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தாள். அதுதான் பார்க்க முடியவில்லை.

ஜோசுவா போனைப் பாக்கெட்டில் போட்டான்.

"பவுலின், எங்கப்பா என்ன வியாபாரம் பண்றாரு?"

"இப்ப எதுக்கு அது? சீ ஃபுட் எக்ஸ்போர்ட்."

"கருவாடு. குளச்சல்ல கருவாட்டுக் குடோன். எக்ஸ்போர்ட் எல்லாம் ஒண்ணும் கிடையாது, திருச்சிக்குப் போகும். கல்யாணம் பேசினப்போ புரோக்கர் அப்படிச் சொன்னாரு, நாங்களும் விட்டுட்டோம். நீ வர்றேன்னா எங்கம்மா மூணு நாள் முன்னாடியே சாம்பிராணி போட ஆரம்பிச்சிடுவாங்க. எங்க வீட்டுல எப்பவும் ஏன் சாம்பிராணி புகைன்னு கேட்டியே, அம்மாவுக்கு பக்தி ஜாஸ்தின்னு சொன்னேன்ல?"

பவுலின் விரல் விட்டு எதையோ எண்ணினாள்; சாம்பிராணிக் கணக்காக இருக்கும்.

"உன் பெட்டிய கல்யாணத்தன்னிக்குத் திறந்தப்பவே வாசம் வந்துச்சு. நம்ம வீடு மாதிரியே ஒரு வீட்டுலேர்ந்துதான் வந்திருக்கான்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நீ எதுக்கு இவ்ளோ சென்ட் அடிக்கறன்னுதான் புரியல. எனக்கு அதுலதான் தும்மல் வருது."

சீனிவாசன் சிரித்துவிட்டான். அப்புறம் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"ஆனா மாமா, நீங்க செஞ்சது தப்புதான்" என்றான் ஜோசுவா, சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "இத இப்படியே விட்டுட்டுப் போக முடியாது."

"அய்யோ மாப்ளே, நீங்க கைய வெக்காதீங்க. நானும் சீனுவும் அள்ளிடறோம்."

"கருவாட்டு மூட்டைய நான் தூக்காததா?"

மண்வெட்டி இல்லை. சாப்பிடக் கொண்டுவந்த பாக்குமட்டைத் தட்டுகள்தான் கரண்டி. நேற்றுக் கொண்டுவந்த சாக்குகள் அங்கேயே கிடந்தன. மாமனாரும் மாப்பிள்ளையும் குனிந்து அள்ள ஆரம்பித்தார்கள். சவுரியம்மாள் கிளிப்பச்சைப் பட்டை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். நாய்களைத் தடுக்கும் பொறுப்பு எனக்கு. ஒரு குடையை வைத்துக்கொண்டு என்னால் ஆனதைச் செய்தேன். எலுமிச்சை சாதத்தைப் போட்டு இழுக்கப் பார்த்தேன். ஒரு நாய் முகர்ந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. தவக்காலம் தனக்கு இல்லை என்று சொல்லிற்று.

பவுலின் புங்கமரத்தடியில் தனியாக நின்றிருந்தாள். துப்பட்டா மூக்கில். பிறகு துப்பட்டாவை எடுத்து இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"தள்ளு நைனா. குனியாதன்னு டாக்டர் சொன்னாரில்ல? டேய் ஜோஷ், சாக்க நல்லாப் புடி, வெளிய சிந்துது பாரு."

அப்பா அம்மா எதிரிலேயே டேய். சவுரியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு மறுபடி குனிந்தாள்.

மூட்டைகளை வேனின் பின்னால் ஏற்றும்போது வெயில் ஏறிவிட்டது. எல்லோரும் ஒரே மாதிரி இருந்தோம், ஒரே மாதிரி நாறினோம். மூக்கு இருக்கிற எவரும் எங்களில் யார் மைசூர், யார் ஆம்பூர் என்று பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. வண்டி கிளம்பியது. ஜோசுவா கேட்டான்.

"மாமா, இத திரும்ப எங்க கொண்டு போறோம்?"

"டேனரிக்குத்தான். பின்பக்கம் களம் கீது. காய வெச்சி கோந்து காய்ச்சறவங்க எடுத்துனு போவாங்க."

"அங்க பருந்து மட்டும்தான் வருமா?"

அண்ணன் யோசித்தார். காலையில் பட்ட அடியில், எதையும் கூட்டிச் சொல்லப் பயம். "கொக்கு வரும். வெள்ளையா மூஞ்சி மட்டும் மஞ்சளா ஒண்ணு வரும், கோழி மாதிரி நடக்கும். ஆனா அது போன வருஷமா, அதுக்கும் முந்தின வருஷமா, சரியா சொல்ல முடியல மாப்ளே. இல்லாமலும் இருக்கும்."

"வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சியா?" ஜோசுவா முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "பாறுக் கழுகா இருக்குமோ? இப்ப அதப் பாக்கறதே அபூர்வம். எத்தனை மணிக்கு வரும்?"

"விடியற்காலையில போனா பாக்கலாம். நாத்தம் இதவிட ஜாஸ்தியா இருக்கும்."

"நாளைக்குப் போலாமா?"

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, கிளம்புவதாகச் சொன்ன நாள். சவுரியம்மாள் ஜன்னலுக்கு வெளியே ஏதோ மிக முக்கியமானது தெரிவது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு சிமெண்ட் கடை விளம்பரம்தான் இருந்தது.

பவுலின் கைநகத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னாள். "நாளைக்குப் போங்க. நானும் வர்றேன். பள்ளிக்கூடத்துல படிக்கறப்போ நைனாவுக்கு சாப்பாடு எடுத்துனு போனதுதான், அதுக்கப்புறம் அந்த கேட்டுக்குள்ள போகல."

கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா, ஈஸ்டருக்குக் கட்ட நான் ஒண்ணும் எடுத்துனு வரல. வெள்ளிக்கெழம போய் ஒரு புடவ எடுத்துட்டு வரலாமா?" என்றாள்.

சவுரியம்மாள் திரும்பினாள்.

"பெரிய வெள்ளிக்கெழமையில எவடி புடவ எடுப்பா? மைசூருக்குப் போயி வேதத்தையே மறந்துட்டியா? சாமி செத்த நாளுல கடைக்குப் போறாளாம் கடைக்கு! புதன்கெழம போவணும். அதுவும் காலையில போவணும். பிளவுஸ் தெக்க டெய்லருக்கு ரெண்டு நாளாவது வேணாமா?"

ஆம்பூர் வருகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். பிளவுஸில் ஆரம்பித்து, புருஷனை டேய் என்று கூப்பிடுவது வரை ஒன்றையும் விடவில்லை. அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி திட்டி நான் கேட்டதேயில்லை. நடுவே பவுலின் புருஷன் பக்கம் சாய்ந்து, "கருவாடா?" என்று கேட்டதும், அவன் "வஞ்சிரக் கருவாடு. கொஞ்சம் மரியாதையா பேசு" என்றதும் என் காதில் விழுந்தது.

மூட்டைகளைக் களத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் எங்களை இறக்கிவிட, தெருமுனையில் சீனிவாசன் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"புடவையெல்லாம் எப்ப வேணா எடுத்துக்குங்க. மொதல்ல இந்த வண்டிய யாரு கழுவித் தருவீங்க, அத சொல்லுங்க."

மாமனாரும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மெல்ல இறங்கி என் வீட்டுக்கு நடந்தேன். முனவ்வர் பேகம் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தாள்.